வாசகர் கேள்வி – பதில்: தோட்டக் குடியிருப்புகளின் பொதுச் சேவைகள் யார் பொறுப்பு?

இலங்கையின் மலையகத்தில் பிரதேச சபைகள் எனப்படும் கிராமிய உள்ளூராட்சி மன்றங்களின் அதிகாரம், பெருந்தோட்டங்களின் குடிநீர், மக்கள் அமைப்புகளின் பங்கு ஆகியவை பற்றி வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்லும் பாதை மழைக்காலத்தில் நடப்பதற்கும் உதவாது. பிரதேச சபை உறுப்பினரிடம் சொன்னால் அது தோட்டப் பாதை என்கிறார். தோட்டக் காரியாலயத்தில் சொன்னால் சபைக்குத்தானே வாக்களித்தீர்கள், அங்கே போங்கள் என்கிறார்கள். உண்மையில் இந்தப் பாதை யாருடையது?

பதில்: இந்தக் கேள்விக்கான விடை நிலத்தின் உரித்திலிருந்து தொடங்குகிறது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே நிலம் இன்றும் அரசுக்குரியது. நீண்டகாலக் குத்தகை உரிமை கம்பனிக்குரியது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தாம் குடியிருக்கும் லயக் காம்பராவின் (வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறை) மீதுகூட உறுதிப்பத்திரம் இல்லை. இந்த மூன்று தரப்பினருக்கும் இடையில்தான் உங்கள் பாதை கிடக்கிறது.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றை நிருவகித்து மக்களின் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பைச் சபைகளிடம் கொடுத்தது. ஆயினும் அதே சட்டத்தின் 33 ஆம் பிரிவு காட்டப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்ற நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்ட மக்கள் தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் சபைக்குச் சென்றார்கள். ஆனால் தமக்கு வாக்களித்த லயத்தின் முன்னால் ஒரு வடிகான் கட்டுவதற்குச் சபையின் பணத்தை எடுக்க அவர்களால் முடியவில்லை. இந்த ஒதுக்கல் 1987 இல் தொடங்கியதும் அன்று. 1937 இல் கிராமிய உள்ளூராட்சிக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோதே தோட்டத் தொழிலாளர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கி எஞ்சியிருந்ததையும் பறித்தது. எனவே சபை என்பது தமக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் நம்மவர் மனங்களில் வேரூன்றியிருப்பதற்கும், தோட்டத்துக்குள் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், சொல்லே சட்டம் என்று நிருவாகங்கள் நடந்துகொண்டதற்கும் சட்டமே துணையாக இருந்திருக்கிறது.

2018 இல் நிறைவேற்றப்பட்ட திருத்தம் 33 ஆம் பிரிவின் தடையை அகற்றியது. ஆகவே, தோட்டத்துக்குள் செலவிடச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று இன்று யாரேனும் சொன்னால் அது பொருந்தாத பதில். எனினும் குத்தகை நிலத்தில் தோட்ட நிருவாகத்துடன் பேசாமல் சபை வேலையைத் தொடங்க முடிவதில்லை என்பதும் உண்மை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பாதை சபையின் பாதைப் பட்டியலில் உள்ளதா என்று எழுத்தில் கேட்பது. இல்லையெனில் அதைச் சேர்த்துக்கொள்ளுமாறு குடியிருப்பாளர்கள் ஒப்பமிட்ட கோரிக்கையை வட்டார உறுப்பினர் வழியாகச் சபையில் பிரேரணையாகக் கொண்டுவரச் செய்வது. தோட்ட நிருவாகத்தின் சம்மதத்தைச் சபையே கடித மூலம் கோரும்படி வற்புறுத்துவது. இந்தச் சம்மதத்தைத் தொழிலாளர்கள் தனித்தனியே காரியாலய வாசலில் நின்று கேட்கக் கூடாது. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான பொறுப்பு. பட்டியலில் சேராத பாதைக்கு ஒரு முறை கொங்கிரீட் போட்டாலும், அடுத்த மழையில் அது உடையும்போது மீண்டும் இதே கேள்வியையே நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி (நானுஓயாவிலிருந்து ஒரு மாணவி): எங்கள் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, பல நாட்கள் கழித்தே கைக்குக் கிடைக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பிந்திக் கிடைத்ததால் வாய்ப்பை இழந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். இதற்கும் பிரதேச சபைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. கடிதம் கொண்டுவருவது தபால் திணைக்களத்தின் வேலை. ஆனால் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குத் தேவையான பாதைப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் வழங்குவது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. தோட்டங்களுக்கெனத் தபால் ஊழியர்கள் நியமிக்கப்பட்ட இடங்களிலும், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் தவிர வேறு முகவரி இல்லாததால் பல நூறு குடும்பங்களின் கடிதங்கள் ஒரே மேசையில் குவிகின்றன. ஒரே பெயருடைய மூவர் ஒரு பிரிவில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லய வரிசைகளுக்கும் புதிய வீட்டுத் திட்டங்களுக்கும் பெயரும் இலக்கமும் வழங்குவதற்குப் பெரும் பணம் தேவைப்படாது. ஒரு சபைத் தீர்மானமும் சில மாத உழைப்பும் போதும். சபைகள் முதல் ஆண்டிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

கேள்வி (ஹாலி-எலப் பகுதியிலிருந்து ஒரு வாசகி): எங்கள் பக்கத்துக் கிராமத்தில் மக்களே சங்கம் அமைத்துக் குடிநீர் வழங்குகிறார்கள், மாதக் கட்டணமும் அறவிடுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் குழாய் நீர் நிருவாகம் திறந்துவிட்டால்தான் வரும். நாங்களும் அப்படியொரு சங்கம் அமைக்கலாமா? பிற்பாடு பெரிய பழுது வந்தால் யார் பொறுப்பு?

பதில்: அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். உங்கள் பதுளை மாவட்டம் இந்த விடயத்தில் முன்னோடி. 1993 இல் உலக வங்கியின் உதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் சமூக நீர் வழங்கல் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு கட்டிக்கொடுத்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, ஊர் மக்கள் ஒரு அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டு, செலவின் ஒரு பகுதியைத் தமது உழைப்பாகவும் பணமாகவும் கொடுத்து, திட்டத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்துவதுதான் அதன் அடிப்படை. அவ்வாறான சங்கங்கள் நாடெங்கும் பெருகியதால், அவற்றுக்குத் துணைநிற்பதற்கென 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவாக்கப்பட்டது.

இந்த முறையின் பலம் எதில் இருக்கிறது என்றால், குழாய் உடைந்தால் அதை அடைப்பவர் அதே குழாயில் நீர் எடுப்பவராக இருக்கிறார். நகரத்திலுள்ள அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதி, அதிகாரி வாகனத்துக்குக் காத்திருந்து, உதிரிப்பாகத்துக்கு அனுமதி பெற்று வரும் நாட்கள் இங்கே தேவைப்படுவதில்லை. கணக்கு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. கட்டணம் யாருடைய பாவனைக்கு ஏற்ப எவ்வளவு என்பதை ஊரே தீர்மானிக்கிறது.

ஆனால் பலவீனங்களையும் நீங்கள் அறிந்துகொண்டே இறங்க வேண்டும். மாதக் கட்டணத்தில் சேரும் பணம் பராமரிப்பாளரின் கொடுப்பனவுக்கும் சிறு பழுதுகளுக்கும் போதும்; இருபது ஆண்டுகள் கழித்து முழுக் குழாய்த் தொகுதியையும் மாற்ற வேண்டிய நாள் வரும்போது அது போதாது. அந்த நாளை நினைத்துத் தனியாக ஒரு வைப்புக் கணக்கு வைத்திராத சங்கங்கள் அப்போது தடுமாறும். இரண்டாவதாக, நீர் தெளிவாக இருப்பதும் நீர் தூயதாக இருப்பதும் ஒன்றல்ல. ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் அங்கே இடப்படும் உரமும் தெளிக்கப்படும் களைநாசினியும் மழையோடு இறங்கும். லயங்களின் மலசலகூடக் குழிகள் மேட்டில் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நீரைப் பரிசோதிப்பது ஊர் மக்களால் ஆகக்கூடியது அன்று; அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடமையாகவே இருக்க வேண்டும்.

தோட்டத்துக்கென உள்ள தனிச் சிக்கல் மூன்றாவது. கிராமத்தில் ஊற்று இருக்கும் நிலத்தின் உரிமையாளரைத் தேடிச் சென்று பேசலாம். தோட்டத்தில் ஊற்று கம்பனியின் குத்தகை நிலத்தில் இருக்கிறது. இன்றைய முகாமையாளர் நல்லவராக இருந்து வாய்ச்சொல்லால் அனுமதி தந்தால், நாளை வருபவர் அதை மறுக்கலாம். ஊற்றுக்கு அருகே நிற்கும் மரங்களை விறகுக்கு வெட்டலாம். எனவே குழாய் வாங்குவதற்கு முன்னால் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் சங்கமும் தோட்ட நிருவாகமும் மட்டுமன்றிப் பிரதேச சபையும் ஒரு தரப்பாக ஒப்பமிட வேண்டும். ஊற்றைச் சுற்றி எவ்வளவு தூரம் உரமும் நாசினியும் இடப்படாது என்பதும், எந்த மரங்கள் வெட்டப்படா என்பதும் அதில் இருக்க வேண்டும். பெரிய பழுது யார் பொறுப்பு என்ற உங்கள் கேள்விக்கும் அங்கேயே விடை எழுதப்பட வேண்டும்: பிரதான குழாயும் தாங்கியும் சபையின் பொறுப்பு, விநியோகக் குழாய்களும் நாளாந்தப் பராமரிப்பும் சங்கத்தின் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது நியாயமானது.

கட்டணம் குறித்தும் ஒரு சொல். வேலை வழங்கப்படும் நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே தோட்டத்தில் மாத வருமானம் அமைகிறது. மழை மாதங்களிலும் வரட்சியிலும் அது வீழ்ந்துவிடும். ஆதலால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தேவையான முதல் அளவு நீரை மிகக் குறைந்த விலையில் வைத்து, அதற்கு மேற்பட்ட பாவனைக்கு விலையைக் கூட்டுங்கள். தனித்து வாழும் முதியவர்களின் நீரிணைப்பை நிலுவைக்காகத் துண்டிப்பதில்லை என்று யாப்பிலேயே எழுதுங்கள்.

கேள்வி (பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): மக்களிடம் ஒப்படைக்கிறோம் என்ற அழகான சொல்லின் மறைவில் அரசு தன் கடமையிலிருந்து நழுவுகிறது என்று நான் கருதுகிறேன். தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்த பிறகுதானே எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்? எதற்கு மறுபடியும் எல்லாவற்றையும் கீழே தள்ள வேண்டும்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 1977 இலிருந்து தோட்டப் பாடசாலைகள் கட்டங் கட்டமாக அரசால் கையேற்கப்பட்டிராவிட்டால், பிள்ளைமடுவத்துக்கு (தோட்டத்தின் குழந்தைகள் காப்பகம்) அருகில் ஓர் அறையில் ஒரே ஆசிரியர் அனைத்து வகுப்புகளுக்கும் கற்பித்த நிலையே நீடித்திருக்கும். அதே காலத்தில் வைத்தியசாலைகளுக்கு நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்ட வைத்தியசாலைகளை அரசு கையேற்பது 1990களில் தொடங்கி இடைநடுவில் நின்றுபோனது. அதனால் இன்றும் பல தோட்டங்களில் தகைமை பெற்ற வைத்தியர் இல்லாத மருந்தகமே நோயாளியின் முதல் வாசலாக இருக்கிறது. கல்வி தேசியக் கட்டமைப்புக்குள் வந்தது, சுகாதாரம் முழுமையாக வரவில்லை. இரண்டின் விளைவுகளையும் நமது குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறியும்.

ஆகவே எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரை நியமிப்பதும், ஆசிரியர் நியமனமும், அம்பியூலன்ஸ் சேவையும் ஊர்ச் சங்கங்களின் தலையில் ஏற்றப்படக் கூடாதவை. இவற்றுக்குப் பயிற்சியும் பெருநிதியும் இடமாற்ற ஒழுங்கும் தேவை. வறிய தோட்டத்துக்கும் வசதியான நகரத்துக்கும் இடையே சமநிலை பேணும் ஓர் உயர்ந்த மட்டமும் தேவை. மாறாக, குடிநீர் விநியோகம், தெருவிளக்கு, குப்பை சேகரிப்பு, முன்பள்ளி, வாசிகசாலை, விளையாட்டு மைதானம், மயானம், சிறு பாதை ஆகியவை நாளாந்தக் கவனிப்பால் வாழ்பவை. கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு ஒரு லயத்து வடிகான் அடைபட்டிருப்பதைக் காண முடியாது.

அப்படி இறக்கும்போதும் நிபந்தனைகள் உண்டு. வேலையோடு அதற்குரிய பணமும், தீர்மானிக்கும் அதிகாரமும், ஆலோசனை சொல்லக்கூடிய ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சேர்ந்து வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். சிரமதானத்தின் பெயரால் தொழிலாளியின் ஓய்வு நாளை எடுத்துக்கொண்டு, அதே பாதைக்கு மற்ற ஊர்களில் அரசு பணம் கொடுக்கிறது என்றால், அதை அதிகாரப் பரவலாக்கம் என்று அழைக்க நான் மறுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது மக்களுக்கு மேலே இருந்தது அரசு மட்டும் அன்று. வீடு, நீர், மருந்து, கடிதம், பிள்ளைமடுவம் என அனைத்தும் வேலை தருபவரின் கையில் இருந்தன. வேலைநிறுத்தம் செய்தால் நீர் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டிய நிலை எந்தக் குடிமகனுக்கும் இருக்கக் கூடாது. ஆதலால் தோட்டங்களைப் பொறுத்தவரை முதல் வேலை, பொதுச் சேவைகளைக் கம்பனியின் கையிலிருந்து எடுத்து மக்களால் தெரிவுசெய்யப்படும் சபையின் கைக்கு மாற்றுவதே. அதற்கு அடுத்த படியே சபையிலிருந்து ஊர்ச் சங்கத்துக்கு.

கேள்வி (கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்): எங்களுக்கெனத் தனிச் சபை வந்தும் பெரிய மாற்றத்தைக் காணவில்லை. சபைகளைப் பிரித்ததால் என்ன பயன்?

பதில்: நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் பிற பகுதிகளில் அத்தகைய ஒரு பிரிவின் சராசரி மக்கள்தொகை இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு மக்களுக்கு ஒவ்வொரு பிரதேச சபையே இருந்தது. 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா சபையிலிருந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகியவையும், அம்பகமுவ சபையிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவையும் பிரிக்கப்பட்டன. நீண்ட காலக் கோரிக்கைக்குக் கிடைத்த நியாயமான பலன் அது.

சபை அருகில் வந்தது. அதன் பணப்பை பெருக்கவில்லை. நகரச் சபைக்குக் கடைகளும் சந்தையும், வீடுகள் கட்டடங்கள் மீதான சோலைவரியும் உண்டு. தோட்டங்கள் சூழ்ந்த சபைக்கு ஒரு சிறு பஜாரும், பயிர்நிலத்தின் மீதான ஏக்கர் வரியும், மாகாணத்தின் வழியாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமுமே மிஞ்சும். பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் லயங்களில் சோலைவரி அறவிட, அந்தக் காம்பராக்கள் அவர்களுக்குச் சொந்தமாகவும் இல்லை. காணி உரிமை என்பது கௌரவத்தின் கேள்வி என்று நாம் பேசுவது சரியே. அது சபையின் வருமானத்தின் கேள்வியும்கூட என்பதை நமது தலைவர்கள் போதிய அளவு பேசவில்லை.

மேலும் அச்சபைகள் தம் காலில் நின்று நடக்கத் தொடங்கும்போதே தெரிவுசெய்யப்பட்டோர் இல்லாமற் போயினர். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது; அந்த மாதம் நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணம் காட்டப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். புதிய சபை ஒன்றுக்கு இது பேரிழப்பு. எனவே, பயனில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் அதற்கு ஒரு முழுப் பதவிக்காலத்தையாவது கொடுங்கள்.

கேள்வி (கொஸ்லாந்தைப் பகுதியிலிருந்து ஒரு வாசகர்): மீரியபெத்தையில் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை போன்ற பாரிய விடயத்தில் ஊர் மக்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என்பதுதான் அந்தத் துயரத்தின் மிகக் கசப்பான பகுதி. நிபுணத்துவம் இருந்தது, ஆய்வும் இருந்தது. அந்த அறிவிப்பைக் கையில் பெற்று, குடும்பம் குடும்பமாகப் பேசி, மாற்றிடம் கேட்டு, கிடைக்கும் வரை விடாது வற்புறுத்தும் அமைப்பொன்று அந்த லயங்களில் இருந்திருக்க வேண்டும். போவதற்கு வேறு நிலம் வழங்கும் அதிகாரமும் உள்ளூரில் யாரிடமாவது இருந்திருக்க வேண்டும். கம்பனியின் குத்தகை நிலத்தில் ஒரு துண்டை ஒதுக்கப் பிரதேச சபைக்கும் அதிகாரமில்லை, கிராம உத்தியோகத்தருக்கும் அதிகாரமில்லை. எழுந்து போங்கள் என்று மட்டும் சொல்லப்பட்ட மக்கள், வேலையும் பாடசாலையும் கோயிலும் இருக்கும் இடத்தை விட்டு எங்கே போவார்கள்?

ஊர் மட்டத்தில் செய்யக்கூடியது கணிசமானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கடைப்பிடிக்கும் பொது அளவுகோல். மழைமானி ஒன்றை ஒவ்வொரு பிரிவிலும் வைத்து, அதை வாசிக்கப் பயிற்றப்பட்ட இருவரை நியமித்து, கோயில் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கும் ஒழுங்கை ஏற்படுத்த எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாக அறிவிக்கப்படும் மழை அளவு உங்கள் மலைச்சரிவின் மழை அளவாக இருப்பதில்லை. ஒரு கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் மழை வேறுபடும். தரையில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கும் ஊற்று, சாய்ந்துபோகும் மரம் போன்ற அறிகுறிகளை முதலில் காண்பவர்களும் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களே. அவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னதை யார் எழுதிப் பதிவுசெய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மாற்று நிலத்தையும் வீட்டையும் அரசுதான் தர வேண்டும். மீரியபெத்தையில் தப்பியவர்கள் நிரந்தர வீடுகளுக்கு 2016 வரை காத்திருந்தார்கள். அந்தப் பொறுப்பை எந்த ஊர்ச் சங்கத்தின் மீதும் சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி (மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி): சபையில் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்களைப் போன்ற கொழுந்து பறிக்கும் பெண்களின் குரல் அங்கே கேட்பதாகத் தெரியவில்லையே?

பதில்: உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீத இடம் என்ற ஏற்பாடு 2016 இல் சட்டமாகி, 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் அவர்களின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. வந்தவர்களிற் பலர் வட்டாரத்தில் வென்றவர்களாக அன்றிப் பட்டியலில் நியமிக்கப்பட்டவர்களாக இருந்ததால், அவர்களுக்கெனத் தனியான வட்டாரமோ வேலைத்திட்டமோ அமையவில்லை. இது அவர்களின் குறை அன்று, முறையின் குறை.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வழி உண்டு. பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும் பற்றிய குழுவில் உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைச் சேர்க்குமாறு தவிசாளருக்கு எழுதுங்கள். கூட்டம் வேலை நாளில் முற்பகலில் நடந்தால் ஒரு நாள் சம்பளத்தை இழந்தே நீங்கள் போக வேண்டும். ஆகவே மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, பிரிவுக்குப் பிரிவு மாற்றி, தோட்டத்திலுள்ள கலாசார மண்டபத்தில் கூடுமாறு கேளுங்கள். பிள்ளைமடுவத்தின் கூரையும், மலைமேட்டில் மலசலகூடம் இல்லாத நிலையும், இருட்டில் நடந்து வரும் பாதையின் விளக்கும் சபையின் நிகழ்ச்சிநிரலில் முதலிடம் பெறாமல் போவதற்குக் காரணம், அவற்றை நாள்தோறும் அனுபவிப்பவர்கள் அந்த அறையில் இல்லாமைதான்.

கேள்வி (கண்டியிலிருந்து ஒரு மாணவர்): கேரளத்தின் மக்கள் திட்டத்தை உதாரணம் காட்டுகிறார்களே, அது இங்கே பொருந்துமா?

பதில்: கேரளத்தில் 1996 இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதற்குச் செலவிடுவது என்பதை வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபைகள் பேசின. இந்திய அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் கிராம சபைக்குச் சட்ட நிலை கொடுத்திருந்தது. நமது நாட்டில் வட்டார மக்கள் கூடித் தீர்மானிக்கும் அத்தகைய சபை சட்டத்தில் இல்லை. 1974 இலிருந்து பாராளுமன்ற உறுப்பினர் வழியாகப் பாய்ந்த பன்முகப்படுத்தப்பட்ட நிதிதான் நம் ஊர்களின் சிறு வேலைகளுக்குப் பழக்கமான ஊற்று. அதில் மக்கள் மனுதாரர்களாகவே இருந்தார்கள். அது தவிர, மத்திய, ஊவா மாகாண சபைகளுக்கு முறையே 2013, 2014 ஆம் ஆண்டுகளுக்குப் பின்னர் தேர்தலே நடைபெறவில்லை. அவற்றை ஆளுநர்கள் நிருவகிக்கிறார்கள். உள்ளூராட்சியை மேற்பார்வை செய்ய வேண்டிய மட்டமே மக்களின் தெரிவின்றி இருக்கையில் கேரளத்தை அப்படியே எடுத்துவர முடியாது. எனினும் நிதியில் ஒரு நிலையான பங்கு என்ற கொள்கையை நாம் உடனே கேட்கலாம்.

கேள்வி (நோர்வூட்டிலிருந்து இளைஞர் சங்கமொன்று): எங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு சபை என்ன ஒதுக்கியது என்று யாரும் சொல்கிறார்களில்லை. நாங்கள் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சபையின் பாதீட்டு வரைவு நிறைவேற்றப்படுவதற்கு முன்னர் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; ஆண்டிறுதியில் காரியாலயத்துக்குச் சென்று அதைப் பாருங்கள். மாதாந்தச் சபை அமர்வில் பார்வையாளர்களாக அமரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எழுத்தில் வேண்டுமாயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. எழுத முடியாத முதியவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வது உத்தியோகத்தரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின்னர் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியைப் பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். வட்டாரத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இந்த ஆண்டின் பாதீட்டில் அதற்கு ஒதுக்கிய தொகை, அதில் செலவிட்ட தொகை, ஒவ்வொரு வேலையின் மதிப்பீடு, கொந்தராத்து பெற்றவர், வேலை முடிந்த திகதி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். தோட்டங்களிலிருந்து அறவிடப்பட்ட ஏக்கர் வரியின் தொகையையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பதிலின் பிரதியொன்றைப் பிரிவின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இன்னொன்றை எமக்கும் அனுப்பிவையுங்கள். வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த இதழ்களில் எழுத ஆயத்தமாக இருக்கிறோம்.